கல் துவைக்கும் இயந்திரம்

டூலூத்தில் ஏப்ரல் என்றால்
பாதி பனி, பாதி சேறு.
மூன்று பையன்கள் என்றால் முழுச் சேறு.

சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது
இவர்கள் கால்சட்டை இடுப்பில் நிற்காது.
அவ்வளவு கல்.
சிவப்பில் கோடு ஓடினால் அகேட்,
விற்றால் கார் வாங்கலாம் என்பான் எம்மெட்.
கோடே இல்லாததை
"பாவம், தனியா கிடந்துச்சு" என்று
எடுத்து வருவான் சோரன்.
மூன்று வயது கஸ்ஸுக்குப்
பக்கத்து வீட்டு ஜல்லியும் ஒன்றுதான்.

பையைக் காலி செய்துவிட்டுத் துணியைப் போடுங்கள்.
எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன்.
சொல்வதும் நான், கேட்பதும் நான்.

நேற்று இயந்திரம் கடகடவென்று அரைத்தது,
ஓர் உறுமல்,
பிறகு பேச்சே இல்லை.
உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர்,
அதில் மிதந்தபடி பதினோரு காலுறை.
பன்னிரண்டாவது எங்கே என்று
இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

என் கணவன் தாதுக் கப்பலில் சமையல்காரன்.
இருபத்திரண்டு பேருக்குக் கோழி வறுத்துவிட்டு
எனக்குப் படம் அனுப்புகிறான்.
இங்கே நான்காம் நாளாக மக்ரோனி.
"பம்ப் வடிகட்டியைத் திறந்து பார்" என்று
ஹியூரான் ஏரியின் நடுவிலிருந்து எழுதினான்.
எதால் திறப்பது என்று கேட்பதற்குள்
சிக்னல் போய்விட்டது.

எதிர்வீட்டு லாஹ்டி வந்தார்,
ஒரு கையில் குறடு, ஒரு கையில் வாளி.
அதிகம் பேசாத மனிதர்.
மூவரும் அவரைச் சுற்றிக் குந்தினார்கள்,
யாரையோ அறுத்துப் பார்க்கப் போவதுபோல.
மூடி கழன்றதும்
தண்ணீர் வாளியை மதிக்கவில்லை.
கஸ் போய் அதிலேயே உட்கார்ந்தான்.

முதலில் கற்கள், ஏழு.
பிறகு ஒரு கொண்டை ஊசி. என்னுடையது,
நான் தலைவாரிக்கொண்ட காலத்தது.
பொம்மை மனிதனின் மஞ்சள் தலை,
இன்னும் சிரித்தபடி.
எல்லாம் வந்த பின்
அரிசிபோல ஒன்று.
லாஹ்டி உள்ளங்கையில் வைத்து ஊதினார்.

பல்.

பிப்ரவரியில் சோரன் தொலைத்த முதல் பல்.
அன்றிரவு தலையணைக்கடியில்
பல்லுக்குப் பதில் ஒரு கடிதம் வைத்தான்:
'பல் தேவதைக்கு. மன்னிக்கவும்.
என்னிடம் இருந்தது, இப்போது இல்லை.
சந்தேகம் இருந்தால் வாயைப் பார்த்துக்கொள்ளவும்.'
வாயைத் திறந்தபடியே தூங்கினான்.
நான் ஒரு டாலர் வைத்தேன்.
கடிதத்தை என் உள்ளாடைகளுக்கடியில் ஒளித்தேன்.

பல்லைப் பார்த்தால் குதிப்பான் என்று நினைத்தேன்.
முகம் வெளுத்தது.
"அப்ப அந்த டாலரைத் திருப்பிக் கொடுக்கணுமா?
சூயிங்கம் வாங்கித் தின்னுட்டேனே."

எம்மெட் என்னைப் பார்த்தான்.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
எப்போதிலிருந்தோ.
எட்டு வயது உதடு பிரிந்தது.
வடிந்துகொண்டிருந்த தண்ணீரின் சத்தத்தில்
நான் மூச்சை நிறுத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

"அது அட்வான்ஸ்டா," என்றான் தம்பியிடம்.
"இப்பப் பல்லைக் கொடுத்துட்டா கணக்கு நேர்."

லாஹ்டி தலையை இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டார்.
இருமினாரா, சிரித்தாரா, தெரியவில்லை.

இரவு, மற்ற இருவரும் தூங்கிய பின்
எம்மெட்டின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
என்ன சொல்வது என்று யோசித்துத்தான் போனேன்,
ஒன்றும் வரவில்லை.
அவன்தான் சுவரைப் பார்த்தபடி சொன்னான்:
"கஸ்ஸுக்கு இன்னும் ஒரு பல்லுகூட விழலம்மா."
புதிதாக வேலைக்குச் சேர்ந்து
விடுமுறை நாட்களை எண்ணிப் பார்த்தவனின் அலுப்பு
அந்தக் குரலில்.

விளக்கை அணைத்தேன்.
தரையில் கிடந்த அவன் கால்சட்டையை
இருட்டில் எடுத்தேன்.
கனத்தது.